லப்பைக்குடிக்காட்டில் வாங்கிய ஏர் ஃபில்டர்

22-8-1983, காலை 6.10 மணி. மேகமூட்டம், மழையில்லை. மைத்துனர் மகள் முகூர்த்தத்துக்காக, மனைவியை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துப் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் புறப்பட்டேன். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதிக்கு அஞ்சி, பழைய ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, லப்பைக்குடிக்காட்டில் வாங்கிய, எண்ணெயில் தோய்ந்த துபாய் ஃபில்டரை மூடியில்லாமல் பக்கவாட்டில் மாட்டியிருந்தேன். "காத்த நல்லா இழுக்கும் சார்" என்றிருந்தார் கடைக்காரர்.

வழியில் மூன்று முறை வண்டி நின்றது. மனைவி இறங்கினால் ஓடியது, ஏறினால் நின்றது.

"ஒன் பாரம் தாங்கலடி."

"பத்து வருசமா ஏறுறேன், இன்னிக்குத்தான் கனக்குறனாக்கும்?" என்று முந்தானையை உதறியவள் அலறினாள். பட்டில் வட்டமாக மூன்று எண்ணெய்க் கறைகள். தொங்கிய முந்தானையை ஃபில்டர்தான் இழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது; காற்றுப் போகாமல் வண்டி மூச்சடைத்து நின்றிருக்கிறது. அரை அடி தள்ளியிருந்த சக்கரம் இழுத்திருந்தால்?

தாலி கட்டிய பிறகே போய்ச் சேர்ந்தோம். இப்போது பழைய பெட்டியையே மாட்டியிருக்கிறேன். அவள் முந்தானையைச் செருகிய பிறகே வண்டியை உதைக்கிறேன். ஃபில்டர் 95, புதுப் பட்டுச்சேலை 640. ஆக 735 ரூபாய்.