பொய் சொல்லாத உபதேசியார்

பாதிரியாராவதற்குக் குருமடத்தில் இரண்டு வருடம் தத்துவம் படித்துவிட்டு, 1993இல் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்தவர் சவுரிராயன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், மாதா கோயிலில் ஜெபமும் வேதபாடமும் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வேலை கிடைத்தது. அங்கி போனாலும் படிப்பு போகவில்லை. மல்லாட்டைக் கடலை உரிக்கும் பெண்களிடம்கூட, உள்ளதை உள்ளபடி சொல்வதே உண்மை என்று பழைய கிரேக்கர்கள் வகுத்த இலக்கணத்தை விளக்குவார். கொலைகாரனே வாசலில் நின்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்ற ஜெர்மன் ஞானியின் கட்சி அவர். பொய் சொல்லாத உபதேசியார் என்று ஊரில் பெயர். அந்தப் பெயர்தான் ஒரு குடியைக் கெடுத்தது.

1998இல் அடுத்த தெரு இருதயமேரியின் மகள் லூசியாவுக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தடை தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று, மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பது வழக்கம். இரண்டு ஓலை ஆயிற்று. மாப்பிள்ளையின் அப்பா மாசிலாமணி தனியாக வந்தார்.

"உபதேசியாரே, நீங்க பொய் சொல்லமாட்டீங்க. பொண்ணுக்குக் குறை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

நாலு வருடம் முன்பு, பெரிய வெள்ளியன்று, லூசியா கோயிலுக்குள் சுருண்டு விழுந்ததையும், யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்ததையும் சவுரிராயன் கண்ணால் பார்த்திருந்தார். வலிப்புக்காரர்களுக்குத்தானே இரும்பு கொடுப்பார்கள்? மனம் கனத்தாலும், வலிப்பு உண்டு என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. காரணத்தை யாரும் அந்த வீட்டில் சொல்லவில்லை. பிறகு வந்த வரன்களும் பேச்சு காதில் விழுந்து, வழியில் கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டோடு திரும்பிப் போயின. அந்தக் கவலையிலேயே இருதயமேரி போய்ச் சேர்ந்தாள். சவுரிராயன் வருந்தினார், ஆனால் நன்றாகத் தூங்கினார். அறம் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம்.

2012இல், அம்மாவின் நினைவுப் பூசைக்குப் பெயர் கொடுக்க வந்தாள் லூசியா. வயது முப்பத்தாறு.

"வலிப்புக்கு மாத்திரை சாப்புடறியாம்மா?" என்று கரிசனமாகக் கேட்டார்.

"வலிப்பா? எனக்கா?"

"பெரிய வெள்ளியன்னைக்கு வுழுந்தியே. சாவியெல்லாம் குடுத்தாங்களே."

"அன்னைக்கு ஒருசந்திங்க. காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல, மயக்கம் வந்துச்சு. யாரோ பயந்துக்கினு சாவியக் குடுத்துட்டாங்க." சட்டென்று அவள் முகம் மாறியது. "இதத்தான் விழுப்புரத்துக்காரங்ககிட்ட சொன்னீங்களா?"

சவுரிராயன் ஆமாம் என்று தலையை ஆட்டினார். 

"அடுத்த தெருவுலதான எங்க வூடு? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"ஞாயித்துக்கிழமை பூசையில எல்லார் முன்னாலயும் சொல்லிடறேம்மா, தப்பு என்னுதுன்னு." அவர் அழுதேவிட்டார்.

"இனிமே யாருங்க பொண்ணு கேட்டு வரப்போறாங்க?" என்றாள் லூசியா. "அம்மா பேர மட்டும் சரியா வாசிச்சிடுங்க, போதும்."