கைக்குழி வீடியோவும் காட்டிக்கொடுக்காத டப்பாவும்

பிளவுஸ் தைக்கிறவளுக்குக் கைராசி முக்கியம் என்பார்கள். அதைவிட முக்கியம், அவள் எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்பது வெளியே தெரியாமல் இருப்பது. என்னைப் போல வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, போனைப் பார்த்துத் தைக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு இது புரியும்.

மிஸ் வாசித்த பாடம்

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் ஸ்கூல் டீச்சர் ஜெசிந்தா மிஸ் என்றால் சர்ச்சே திரும்பிப் பார்க்கும். மகள் கல்யாண பிளவுஸுக்கு அவரே பட்டுத்துணி கொண்டுவந்தார். அது நன்றாக அமைந்தால் சர்ச் பெண்கள் எல்லாரும் என்னிடம் வருவார்கள். இல்லாவிட்டால் சேலைக்கு ஃபால்ஸ் அடித்தே என் காலம் போகும்.

"கழுத்து டிசைன் காட்டறேன்" என்று என் போனை வாங்கினார். வீடியோவைத் திறந்ததும், நான் பார்த்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. மிஸ் வகுப்பில் வாசிக்கிற குரலிலேயே வாசித்தார்: "கைக்குழி இறுக்கமா? பதறாதீங்க. பட்டை மாற்றி வெட்டிவிட்டீர்களா? வழி இருக்கு." மிஸ் துணியை மடித்துப் பைக்குள் திரும்ப வைத்தார்.

"முதல்ல நீ எல்லாத்தையும் பாத்து முடிம்மா செல்வி, அப்புறமா நான் வரேன்."

வண்டியில் வந்த கழுத்து

என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுகிறார். இரண்டு போனுக்கும் ஈமெயில் கணக்கு ஒன்றுதான். நான் இங்கே பார்ப்பது அவர் போனில் அங்கே முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்? வைட்ஃபீல்ட் டிராஃபிக்கில் நிற்கும்போது பாட்டு கேட்கலாம் என்று திறந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"போட் நெக்கு, பானைக் கழுத்துன்னு வரிசையா வருதுடி. பின்னாடி உக்காந்திருந்த சார் எட்டிப் பாத்துட்டு, 'என்னண்ணா, பார்ட் டைம் டைலரா?'ங்கறார்!"

திறந்த பெட்டி

மாடியில் குடியிருக்கும் நிவேதா கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். சுடிதார் கை குறைக்க வந்தவளிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவள் ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்து, என் போனில் சேர்ந்திருந்த பழைய வரிசையையும் அழித்தாள். இனி நான் போனில் கேட்கிற வீடியோவை இதுதான் போய் எடுத்து வருமாம்; யாருக்காக என்று சொல்லாதாம்; நான் பார்த்ததை இதுவும் ஞாபகம் வைத்துக்கொள்ளாதாம். "மெடிக்கல் ஷாப்புல கறுப்பு கவர்ல போட்டுத் தருவாங்கல்ல, அது மாதிரிக்கா" என்றாள். இதைச் செய்கிற சாஃப்ட்வேருக்கு முதலாளி கிடையாது, யாரும் இலவசமாக எடுக்கலாம், உள்ளே எழுதியிருப்பதை யாரும் பிரித்துப் படிக்கலாம் என்றும் பெருமையாகச் சொன்னாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார்.

"எல்லாரும் பிரிச்சுப் பாக்கற டப்பாவுல என்னம்மா ரகசியம்?"

கத்திரி நின்ற இடம்

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் துணியை விரித்து, மார்க் போட்டு, கத்திரியை வைத்தாயிற்று. வீடியோவில் வரும் அக்கா, "இப்போ கவனமா இந்த இடத்துல…" என்றார். அதோடு சரி, சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. டப்பாவைத் தட்டினேன், அணைத்துப் போட்டேன், சாமியையும் கும்பிட்டேன். கடைசியில் ஆபீசிலிருந்த நிவேதாவுக்கு போன் செய்தேன். அவள் மீட்டிங்கில் இருந்தாள்போல, குசுகுசுவென்று பேசினாள்.

"வீடியோ கம்பெனிக்காரங்க பூட்டை மாத்திட்டாங்கக்கா. நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்க புதுச் சாவி செய்ற வரைக்கும் கத்திரியைக் கீழ வைங்க."

காணாமல் போன வைத்தியம்

கல்யாணம் நெருங்கும்போது ஜெசிந்தா மிஸ் மகளோடு மறுபடி வந்தார். சிவாஜிநகரில் பெரிய கடையில் தைத்த பிளவுஸ், பெண்ணால் கையைத் தூக்க முடியவில்லை. கடைக்காரர், "கல்யாணத்துக்குள்ள இளைச்சிடுவாங்க மேடம்" என்று அனுப்பிவிட்டாராம்.

"போனைக் கொடு. அந்த 'பதறாதீங்க' எங்கே?" என்றார். கொடுத்தேன். துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. "காணோமே! அதை நம்பித்தானே வந்தேன்? நல்லதை எதுக்கு அழிச்சே?" என்று அதட்டினார். டப்பாவின் பெருமையை அவரிடம் எங்கே போய்ச் சொல்வது? தேடிப் பார்த்தேன், இருக்கிற வீடியோ எல்லாம் வந்தது, அது மட்டும் வரவில்லை. மிஸ் முகத்தைப் பார்க்கப் பயந்து பிளவுஸை வாங்கிப் பிரிக்க ஆரம்பித்தேன். எத்தனை தடவை பார்த்தது! கைக்கே ஞாபகம் இருந்தது. மிஸ் கொண்டுவந்திருந்த மிச்சத் துணியில் துண்டு வெட்டி அக்குளில் வைத்துத் தைத்தேன். பெண் போட்டுக்கொண்டு, பரணில் சாமான் எடுப்பதுபோல இரண்டு கையையும் தூக்கினாள். மிஸ் பிளவுஸை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

சொல்ல வேண்டியதை ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் சொல்லியிருக்கிறார். மறுநாளே இறுக்கமான பிளவுஸோடு ஒரு அம்மா வந்து நின்றார்.

"நீங்கதானே செல்வி? தப்பு நடக்கறதுக்கு முன்னாடியே சரி பண்றதை வீடியோல பாத்து வச்சுக்குவீங்களாமே!"

நான் என்ன பார்க்கிறேன் என்பது எங்கோ இருக்கிற அந்த வீடியோ கம்பெனிக்கு இப்போது தெரியாது. காக்ஸ் டவுனில் அது தெரியாத ஆள் கிடையாது.