அடிப்பாதியும் நுனிப்பாதியும்

அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் வெள்ளிக்கிழமை முடிந்தது. ஞாயிறு நண்பகல் அவர் மகள் மாலா என்னை ஒரு மெக்சிகன் உணவகத்துக்கு அழைத்துச் சென்றாள். யாங்கூனிலுள்ள அத்தகைய உணவகங்களை அப்பாவும் மகளும் ஞாயிறுதோறும் தேடிப் போய்ச் சாப்பிட்டு வந்தவர்கள். அண்ணன் ஒருமுறையும் என்னை உடன் அழைத்ததில்லை.

சமையற்கட்டிலிருந்து சோள ரொட்டி கல்லில் கருகும் மணம் வந்தது. சிறுவயதில், இதே ஊரின் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் மாலை வேளைகளில் இதே மணம் எழும். அம்மா ஒரே ஒரு சோளக்கதிரைக் கரியடுப்பில் வாட்டி, உப்பும் எலுமிச்சையும் தேய்த்து, இரண்டாக ஒடிப்பார். மூத்தவனுக்குப் பருத்த அடிப்பாதி. இளையவனுக்குக் கருகிய நுனி. அண்ணன் தம் பாதியை என் எதிரே அமர்ந்து, மணி மணியாகக் கிள்ளித் தின்பார். அன்று மூண்ட பொறாமை முதுமையிலும் என்னுள் தணியவில்லை.

மாலா ரொட்டியின் கருகிய ஓரத்தைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள்.

“உங்களுக்குப் பிடிச்சது, சித்தப்பா. நுனியைப் பூரா பாட்டி உங்களுக்கே கொடுத்துடுவாங்களாமே. கருகினதுலதான் ருசியாம். எந்தக் கடைக்குப் போனாலும் அப்பா இதைச் சொல்லித்தான் வயிறெரிவார்.”

“அப்படியா சொன்னார்?”

“‘அவன் செல்லப்பிள்ளை’ம்பார்.”

நான் தண்ணீர் குடித்தேன். சொல்லி ஆற்றிக்கொள்ள அண்ணனுக்கு ஒரு மகள் இருந்தாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காகவும் அவர்மீது பொறாமை கொண்டேன்.

இன்னும் செய்யாதவை:
என்னிடமே தங்கிவிட்ட அண்ணனின் குடையை மாலாவிடம் திருப்பித் தருவது.
என் தரப்பையும் அவளிடம் சொல்வது.
அண்ணனோடு ஒருமுறையேனும் பாதியை மாற்றிக்கொள்வது.