மாறுகண் வாளிகள்

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். மலிவான பிளாஸ்டிக் வாளிகளில் சிரிக்கும் முகம் வரைந்துதான் அக்கா என்னைப் படிக்க வைத்தாள். பார்வை மங்க மங்க, அவள் வரைந்த கண்கள் மாறுகண்ணாயின. கடையில் குழந்தைகள் அந்த வாளியைத்தான் கேட்டு அடம்பிடித்தார்கள்.

முதல் சம்பளத்தில் அவளுக்குக் கண்ணாடி வாங்கித் தந்தேன். மறுநாள் வரைந்த கண்கள் நேராக நின்றன. முதலாளிக்கு முகம் சுருங்கியது.

"இது என்னம்மா, கடன்காரன் மாதிரி முறைக்குது? கண்ணாடியைக் கழட்டிட்டு வரை. இல்லன்னா வேற ஆள் இருக்கு."

"வேலையை விட்டுடுக்கா" என்றேன்.

"தங்கச்சி படிப்புக்கு உன் ஒரு சம்பளம் பத்துமாடா, பட்டதாரி?" என்றாள்.

இப்போது வேலை நேரத்தில் கண்ணாடி சாப்பாட்டுப் பையில் கிடக்கிறது. சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு, விரலில் உலர்ந்த பெயிண்டைச் சுரண்டுகிறாள்.