கொழுந்து நிறுவையில் எழும்பிய மேடு

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளையைக் கொழுந்து எடுக்கிறவர்களும் திட்டுவார்கள், துரையும் திட்டுவார். தராசை மட்டும் யாரும் திட்டுவதில்லை. அந்த வேலையில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கல்பாத்தியிலிருந்து கணக்கில் பி.ஏ. முடித்துவிட்டுப் போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே வயிறு எரிந்ததெல்லாம் அந்தக் கணக்கால்தான்.

நாலு காரணம்

கொழுந்து எடுக்கிறவர்களில் பேச்சியம்மாள் கை வேகமானவள். ஒரு மாசம் அவள் கூடை திடீரென்று இளைத்துவிட்டது. அவளுக்கு எடுக்கக் கொடுத்தது செங்குத்தான மலை, செடி கிழடு, விடாத மழை, லயத்து வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணி கருப்பையா அவளைச் சோம்பேறி என்று துரையிடம் சொல்லப்போவதாகச் சொன்னார்.

நான் அவரை உட்காரவைத்துச் சொன்னேன். மலை, செடி, மழை, வீடு என்று நாலு காரணம். ஒவ்வொன்றும் நல்லதாகவோ கெட்டதாகவோ அமையலாம். நாலும் நல்லதாக அமைய ஒரே வழி. நாலும் கெட்டதாக அமையவும் ஒரே வழி. ஒன்று மட்டும் கெட நாலு வழி. ஒன்று மட்டும் நல்லதாக இருக்கவும் நாலு. பாதிக்குப் பாதி அமைய ஆறு வழி. அதனால்தான் ஆட்களை எடைப்படி வரிசை வைத்தால் நடுவில் கூட்டம், ஓரத்தில் ஒன்றிரண்டு பேர். யாரோ ஒருத்தி ஓரத்தில் போய் விழுந்துதான் ஆகவேண்டும். இந்த மாசம் விழுந்தவள் பேச்சி. கை வேகத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் போன மாசம் வேகமாயிருந்த கை இந்த மாசம் எங்கே போயிற்று?

கருப்பையா பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார். “படிச்ச ஐயாவுக்கு இரக்கம் ஜாஸ்தி. சோம்பேறிக்குக்கூடக் கணக்குப் போட்டுக் காட்டுதாக.”

அழகான மேடு

நேரே துரையிடமே போனேன். கட்டம் போட்ட தாளில் அந்த மாசத்து நிறுவையை இடமிருந்து வலமாக, குறைந்ததிலிருந்து கூடினது வரை வைத்து, எந்த எடைக்கு எத்தனை பேர் என்று புள்ளியிட்டிருந்தேன். நாலு காரணத்துக்குப் பதில் பத்துக் காரணம் வைத்தால் நடுவில் மட்டும் இருநூற்று ஐம்பத்திரண்டு வழி, ஓரத்தில் அதே ஒரு வழி. காரணங்கள் பெருகப் பெருகப் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குவது மறைந்து வழவழப்பான மேடாகிவிடும், கவிழ்த்துவைத்த கோயில் மணி மாதிரி. அட்டைக்கடி, பனி, தலைவலி, சண்டை என்று மலையில் காரணங்களுக்கா பஞ்சம்? என் புள்ளிகளும் அப்படித்தான் எழும்பியிருந்தன.

துரை தாளை வெளிச்சத்தில் பிடித்து ரசித்தார். அழகாயிருக்கிறது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு பென்சிலை எடுத்து மேட்டின் அடிவாரத்தில் ஒரு கோடு இழுத்து, தோட்டத் தமிழில் சொன்னார்: “இந்த இடது பக்கம் பேரெல்லாம் வெட்டிடு.”

பேச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்தைக் காலி செய்தாள். அவளைக் காப்பாற்றக் கொண்டுபோன தாள்தான் அவளை வெளியே தள்ளிற்று.

மறுபடியும் ஓரம்

அடுத்த மாசத்து நிறுவையைப் புள்ளியிட்டேன். மேடு கொஞ்சம் ஒடுங்கியிருந்தது, அவ்வளவுதான். அதற்கும் ஓர் இடது ஓரம் இருந்தது. போன மாசம் நடுவில் நின்றவர்கள் இந்த மாசம் அங்கே விழுந்திருந்தார்கள். துரைக்கு என் மேல் கோபம். வெட்டியும் எப்படி முளைத்தது என்று கத்தினார். மழையை வெட்ட முடியுமா, சரிவை வெட்ட முடியுமா என்று கேட்க நாக்கு துடித்தது. தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த ஓரத்தில் கருப்பையாவின் மச்சினியும் இருந்தாள். சாயங்காலம் அவர் தராசுக் கொட்டகைக்கு வந்து, துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவள் பேரை வலப்பக்கம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். படிக்கல்லைத் தூக்கி எறியலாம் போலிருந்தது எனக்கு. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஐயா, அவ சோம்பேறி இல்ல. அவளுக்குக் கெடச்ச மலை அப்படி.”

வண்டன்மேட்டில்

ஓரத்தை வெட்டி வெட்டி, கொழுந்து பொங்குகிற காலத்தில் எடுக்க ஆளில்லாமல் போயிற்று. இலை முற்றி வீணாயிற்று. பேர் வெட்டினவர்களையே கூட்டிவரச் சொல்லித் துரை என்னையும் கருப்பையாவையும் அனுப்பினார். பேச்சி வண்டன்மேட்டில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தேறியிருந்தான். துரை கூப்பிடுகிறார் என்று கருப்பையா சொன்னபோது அவள் கை நிற்கவேயில்லை. அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

“இங்கயும் நிறுக்கத்தான் செய்யுதாக, ஐயா. ஆனா மழை பெஞ்சா, மழை பெஞ்சுதுன்னு ஒத்துக்கிடுதாக.”

ஒருவர்கூட நடுவுக்குக் கீழே இருக்கக்கூடாது என்று உத்தரவு போடுகிற துரைமார் இருக்கிறவரைக்கும், நம்மைப் போன்றவர்களுக்கு நிறுக்கிற வேலையும் பல்லைக் கடிக்கிற வேலையும் குறையப்போவதில்லை.