எனக்கு முன்னே போன நீலப் புள்ளி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து வேலையைப் பார்க்கப் போகிற ஆள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள், இதை எழுதுகிறேன் என்றால் எனக்கே ஆச்சரியம்தான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அம்மாவின் சாவு வீட்டில் என் வீட்டுக்காரருக்கும் அக்கா புருஷனுக்கும் சண்டை வந்தது. "அவ வாசல மிதிச்சேன்னா இங்க வராத" என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அக்காவும் அத்தானும் செட்டியார்பட்டிக்கு மேற்கே ஒரு மாந்தோப்புக்குக் காவலாகப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம், ராஜபாளையத்துக்குத் துணி தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு அக்காவைப் பார்க்கப் போவேன். யார் எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டில் எல்லார் போனிலும் மேப்பில் நீலப் புள்ளியாகக் காட்டும், என் மகன் வைத்த ஏற்பாடு. அதனால் நான் லொகேஷனை ஆஃப் செய்துதான் வைத்திருப்பேன். அதுவும் போதாதென்று, பஸ்ஸை விட்டு இறங்கி, கம்மாக்கரை என்று நாங்கள் சொல்கிற ஏரிக்கரையில் ஏறியதும் போனையே அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவேன்.

அப்படிப் போன ஒரு வெள்ளிக்கிழமை, அத்தான் வேலையாக வெளியே போயிருந்தார். பேசிக்கொண்டே இருந்த அக்கா அப்படியே சரிந்துவிட்டாள். உடம்பெல்லாம் வேர்வை. மணி மூணு இருபத்தைந்து. போனை அப்போதுதான் உயிர்ப்பித்தேன். தோப்புக்குள் டவர் கிடையாது, அக்கா வீட்டு வைஃபையில்தான் ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள்.

"நெட் வழியா வர்ற கால் அம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர் அட்ரஸ்தான் காட்டுது. வண்டி அங்க அனுப்பவா?"

"இல்லம்மா, இது தோப்பு... கம்மாக்கரை வழியா வரணும்..." அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. கால் பழகிய வழி, வாய்க்கு வரவில்லை.

"லொகேஷன ஆன் பண்ணுங்கம்மா. நீங்க விட்டாத்தான் எங்களுக்குத் தெரியும்."

ஆன் செய்தால் அவருக்கும் தெரிந்துவிடும். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அக்காவை மடியில் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு அவள் கை ஜில்லென்று ஆனதும் அழுத்திவிட்டேன். விரலை எடுக்கவில்லை, வாசலில் சைரன் சத்தம்.

ராஜபாளையத்திலிருந்து இருபது நிமிஷ வழி. டிரைவரிடம் எப்படி வந்தீர்கள் என்றேன்.

"மூணு பத்துக்கே கூப்பிட்டியளே? வழி கேட்டுத் திரும்ப அடிச்சேன், வயசான அம்மா எடுத்தாவ. கம்மாக்கரை, ரெண்டாவது மடை, எடப்பக்கம் இரும்பு கேட்டுன்னு அம்புட்டு தெளிவாச் சொன்னாவ. எளையவ கூடத்தான் இருக்கா, ஆனா கூச்சக்காரி, வழி கேட்டா முழிப்பா, அவள வையாதியன்னு வேற சொன்னாவ!"

என்னைக் கூச்சக்காரி என்று கூப்பிட்டவள் அம்மா ஒருத்திதான். அந்தத் தோப்பை அவள் பார்த்ததே இல்லை. மூணு பத்துக்கு அக்கா எனக்குக் காப்பி ஆற்றிக்கொண்டு இருந்தாள், போன் அணைந்து பைக்குள் கிடந்தது. ஆனால் போனில் அந்த அழைப்பு இருக்கிறது, நாலு நிமிஷம்.

சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மேப்பைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். நான் தலையைத் தூக்கவில்லை. அக்கா கட்டில் பக்கத்தில் போய் நின்றார். "கஞ்சி குடிச்சியளா மதினி?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது லொகேஷனை அணைப்பதில்லை, சொல்லிவிட்டே போகிறேன். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் கம்மாக்கரையில் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் போன் செய்வார். "என்னட்டி, அதுக்குள்ள அக்கா வீட்டுக்குப் போயிட்ட? கால்மணி நேரமா புள்ளி அங்கதான நிக்கி!"

நெட் கோளாறு என்கிறான் மகன். இருக்கலாம். எதிரே தோப்பு கேட் தூரத்தில் தெரியும், நான் நின்று அதைப் பார்ப்பேன்.

"ஆமா, வந்தாச்சு" என்று சொல்லிவிடுவேன்.