நுரைக்காத சோப்பு

மக்களே, கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு எடுபிடி வேலை. படிப்பு பத்தாம் வகுப்பு. மணல் பிரிக்கிற வித்தையைப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

கடற்கரை மணலில் ரூட்டைல் என்ற கருஞ்சிவப்பு மணிகள் உண்டு. அவற்றை வெள்ளை மணலிலிருந்து பிரிக்க ஓர் ஆராய்ச்சி மாணவி பாடுபட்டார். மணலைத் தண்ணீரில் கலக்கி, சோப்பு போன்ற ஒரு மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு, அடியிலிருந்து காற்றை ஊதவேண்டும். மருந்தின் தலை சிவப்பு மணியைப் பிடித்துக்கொள்ளும். அதன் வாலுக்குத் தண்ணீர் ஆகாது. காற்றுக் குமிழியில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பு நுரையோடு மேலே வந்துவிடும். வெள்ளை மணலை மருந்து பிடிக்காது. அது அடியிலேயே கிடக்கும்.

அன்று கடைசிச் சோதனை. மணலும் கடைசிப் புட்டி. அந்தக் கரையில் இனி மணல் அள்ள அனுமதி இல்லை. இது சரியாக வந்தால்தான் அவர் ஆய்வு முடியும்.

சோதனைக்கான காய்ச்சி வடித்த தண்ணீர் கேனில் பாதிதான் இருந்தது. மீதியைக் குழாயில் பிடித்து நிரப்பினேன். பாளையங்கோட்டைக் குழாயில் வருவது தாமிரபரணி. அதைவிடச் சுத்தம் எது என்ற நினைப்பு.

காற்று ஊதும் மோட்டார் ஓடியது. முதலில் நுரை சிவந்தது. பிறகு வெளுத்தது.

"அண்ணாச்சி, வெள்ளையும் சேந்துல்லா வருது! நிப்பாட்டுங்க!"

நிறுத்தினேன்.

"எந்தத் தண்ணி ஊத்துனிய?"

"கொஞ்சம் கொழாத் தண்ணிம்மா. நம்ம ஆத்துத் தண்ணிதான்."

"ஆத்துக்கு ஒரு கோயில் கட்டுங்க! சோப்பு நுரைக்கான்னு பாத்தியளா?"

அப்போதுதான் உறைத்தது. காலையில் ஆய்வகக் குழாயில் கை கழுவும்போது சோப்பு நுரைக்கவே இல்லை. போலிச் சோப்பு என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு வந்திருந்தேன். ஆற்றுத் தண்ணீர் வராததால், கல்லூரித் தொட்டியில் லாரியில் வந்த ஆழ்குழாய்த் தண்ணீரை ஏற்றியிருக்கிறார்கள். சோப்பை நுரைக்கவிடாத அதன் சுண்ணாம்புச் சத்து வெள்ளை மணலில் படிந்தது. படிந்த இடத்தை மருந்து பிடித்துக்கொண்டது.

"அமிலம் விட்டுக் கழுவிருவமாம்மா?"

"கழுவுனா மணியோட மேல்தோலே மாறிரும் அண்ணாச்சி. பெறவு அது நம்ம மணலே இல்ல."

வழிகாட்டும் பேராசிரியரிடம் அவர், "தண்ணி மாறிப்போச்சு சார்" என்று மட்டும் சொன்னார். நான் உள்ளே போய், "ஊத்துனது நான்தான்" என்றேன். அதைச் சொன்னதால் எதுவும் மாறிவிடவில்லை.

சாயங்காலம் அந்த மணலில் ஒரு சிட்டிகையை உலர்த்திக் காகிதத்தில் கொட்டி, ஊசிமுனையால் சிவப்பை ஒருபக்கமும் வெள்ளையை ஒருபக்கமும் ஒதுக்கினேன். பத்துப் பதினைந்து மணி ஒதுக்கியிருப்பேன். பின்னால் வந்து நின்ற மாணவி பார்த்தார்.

"விடுங்க அண்ணாச்சி" என்றார் பைய. "மூச்சு விட்டாலே கலந்துரும்."